ஸ்டெரிலைசர் வடிகுழாயில் அதே இடத்தில் வெடிப்பு: அணு உலைக் குழாய்களின் களைப்புக் கணக்கு இதற்குப் பொருந்துமா?

பகுதி: நீராவி, குழாய், வெல்டிங் | சுங்கை சிப்புட், பேராக்

ஆலைப்பையன்

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நம்ம பக்கத்துச் செம்பனை ஆலைகள்ல வேலை பாக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம்தான். படுக்கை ஸ்டெரிலைசர் (செம்பனைக் குலைய நீராவியில வேக வைக்கிற கலன்), 3 பார் நீராவி, ஒரு ஓட்டம் 90 நிமிஷம் சொச்சம், மூணு பீக் (அழுத்தத்த மூணு தடவ ஏத்தி இறக்குறது). அடியில கண்டென்சேட் (நீராவி குளிர்ந்து ஆன தண்ணி) இறங்குற குழாய் 80 மி.மீ., ஸ்கெட்யூல் 40, கார்பன் ஸ்டீல். ஷெல்லோட (கலனோட சுவர்) சேர்ற இடத்துல பேடு (வலுவுக்கு வைக்கிற கூடுதல் தகடு) வச்சு ஃபில்லெட் வெல்ட் (மூலையில போடுற ஒட்டு). அந்த வெல்டோட குழாய்ப் பக்க ஓரம் மூணு வருஷத்துக்கு ஒருக்கா வியர்க்க ஆரம்பிக்குது. அரைக்கிறது, திரும்ப ஒட்டுறது, சாயம் போட்டுப் பாக்குறது, பெயிண்ட் அடிக்கிறது. மறுபடி மூணு வருஷம்.

சுவர் 5.5 மி.மீ. இருக்கு. 3 பாருக்கு அரை மில்லிமீட்டர்கூட வேணாம். அப்புறம் ஏன் வெடிக்குது? அணு உலைக் குழாய்களுக்கு ஃபட்டீக் (களைப்பு) கணக்கு போடுறாங்களே, அந்த முறைய இதுக்குப் போட்டா என்ன வரும்? எண்ணோட சொல்லுங்க, படிப்படியா.

குழாய்க்கணக்கு

தம்பி, "3 பாருக்கு அரை மில்லிமீட்டர்கூட வேணாம்"னு நீங்களே எழுதிட்டீங்க. அப்போ அழுத்தத்த விட்டுடுங்க. அணு உலையிலயும் களைப்புக் கணக்குல பெரும்பங்கு வெப்ப ஏற்ற இறக்கத்துக்குத்தான்.

முதல் வகுப்புக் குழாய்க்கு (உலையில மிக முக்கியமான குழாய்) ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதித்தொகுப்போட மூன்றாம் பிரிவு, என்பி-3650. முதல் வேலை கணக்கே இல்ல, பட்டியல். உலை எத்தன தடவ சூடேறும், எத்தன தடவ ஆறும், எத்தன தடவ திடீர்னு நிக்கும். அழுத்தநீர் உலைக்கு 40 வருஷத்துக்கு 200 சூடேற்றம், 200 ஆற்றல், 400 திடீர் நிறுத்தம்னு வடிவமைப்புல வைப்பது வழக்கம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் குழாயோட அந்தப் புள்ளியில தகைவு (ஸ்ட்ரெஸ்) எங்கருந்து எங்க போகுதுன்னு எடுக்கணும். அப்புறம் ஜோடி சேர்க்கணும். இங்கதான் புதுசா வர்றவங்க தப்பு பண்றாங்க: ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியா எடுத்துக் கூட்டிடறாங்க. அப்படி இல்ல. எல்லா நிகழ்வுலயும் இருக்குற உச்சத்துலயே பெரிய உச்சத்த, எல்லாத்துலயும் இருக்குற பள்ளத்துலயே ஆழமான பள்ளத்தோட முதல்ல சேர்க்கணும். அது தீர்ந்த பிறகு அடுத்த ஜோடி.

ஜோடி கிடைச்சதும் ரெண்டு வீச்சு எடுப்போம். உள்ளூர்த் தகைவுக் குவிப்பு சேராத வீச்சு, பொருளுக்கு அனுமதிச்ச தகைவோட மூணு மடங்குக்குள்ள இருக்கணும். ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல் குழாய்க்கு அது 3 × 138, அதாவது 414 எம்பிஏ. தாண்டினா நெகிழ்வுத் தண்டனைக் கெழு ஒண்ணு பெருக்கலா வரும்; கார்பன் ஸ்டீலுக்கு அதிகபட்சம் 5, ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸுக்கு 3.3. குவிப்பு சேர்ந்த ரெண்டாவது வீச்சுல பாதிதான் மாறுதகைவு. அத வளைகோட்டுல போட்டா எத்தன சுற்று தாங்கும்னு கிடைக்கும். நடந்த சுற்று ÷ தாங்கும் சுற்று. எல்லா ஜோடிக்கும் கூட்டினா பயன்பாட்டுக் கெழு. அது 1-ஐத் தாண்டக் கூடாது.

உங்க குழாய்க்கு வாங்க. 3 பார்ல நீராவி 143 டிகிரி. கண்டென்சேட் 60-ன்னு வச்சா வித்தியாசம் 80 சொச்சம். மீள்மை எண் 2,00,000 எம்பிஏ, விரிவுக் கெழு 0.000012. ரெண்டையும் 80-ஆல பெருக்கி 0.7-ஆல (1-லேருந்து பாய்சான் விகிதம் 0.3 கழிச்சது) வகுத்தா 274 எம்பிஏ வீச்சு. ஃபில்லெட் ஓரத்துக்குக் குவிப்பு 2: 548. பாதி 274. ஏஎஸ்எம்இ கார்பன் ஸ்டீல் வளைகோட்டுல 10,000 சுற்றுக்கு 262, 5,000 சுற்றுக்கு 331. 274-க்கு 8,800 பக்கம் வரும். நாளைக்கு 10 ஓட்டம், வருஷம் 300 நாள்னா 3,000. மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் கீழ.

உலோகவாசி

விடை பொருந்துது, வழி பொருந்தல அக்கா. அந்த 0.7-ஆல் வகுக்கும் சூத்திரம், உள்சுவரின் தோல் மட்டும் ஒரு நொடியில் முழுசாகக் குளிர்ந்து மீதிச் சுவர் அப்படியே சூடாக நின்றால்தான் செல்லும். உலையின் 60, 70 மி.மீ. சுவருக்குக் கிட்டத்தட்டச் சரி. இங்கே சுவர் 5.5 மி.மீ. கார்பன் ஸ்டீலில் வெப்பம் அவ்வளவு தூரம் ஊடுருவ இரண்டு மூன்று நொடி போதும். கண்டென்சேட் சுவரிலிருந்து வெப்பத்தை இழுக்கும் வேகத்துக்குள் சுவர் முழுவதும் சேர்ந்தே ஆறிவிடும். தோல் அதிர்ச்சி அந்த 274-இல் ஒரு சிறு பங்குதான்.

வெடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். குழாய் நடுவில் இல்லை, வெல்ட் ஓரத்தில். ஒரு பக்கம் 5.5 மி.மீ. குழாய், மறுபக்கம் ஷெல்லும் பேடும் சேர்ந்த தடிமன். குழாய் சில நொடியில் ஆறுகிறது, பேடு பல நிமிஷம் சூடாகவே நிற்கிறது. குழாய் சுருங்கப் பார்க்கும், பேடு விடாது. என்பி-3650-இல் இதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது: இணைப்பின் இரு பக்கச் சராசரி வெப்பநிலை வித்தியாசம், அதற்கு ஒரு கெழு. 2,00,000 × 0.000012 × 80 = 192 எம்பிஏ. 548-ஐத் தொட 2.9 மடங்கு குவிப்பு வேண்டும். ஃபில்லெட் ஓரத்தில், அதுவும் கைக்கு எட்டாமல் தலைகீழாக ஒட்டிய இடத்தில், அது அதிசயமில்லை.

இன்னொன்று. வளைகோட்டின் எண்ணில் சுற்றுக்கு 20 பங்கு காப்பு ஏற்கெனவே உண்டு. பளபளப்பாகத் தேய்த்த சிறு மாதிரிகளில் எடுத்த சராசரியை, தகைவில் 2 அல்லது சுற்றில் 20, எது மோசமோ அதால் குறைத்த கோடு அது. அந்த 20 என்பது தரவுச் சிதறலுக்கு 2, அளவுக்கு 2.5, மேற்பரப்புக்கும் சூழலுக்கும் 4. ஆகவே கெழு 1 வந்தவுடன் குழாய் வெடிக்கும் என்று அர்த்தமில்லை. உங்கள் குழாய் நிஜமாகவே மூன்று வருஷத்தில் கசிகிறது என்றால், நாம் எண்ணாத சுற்று எங்கோ இருக்கிறது.

குழாய்க்கணக்கு

ஒத்துக்கிறேன். தடிமன் வித்தியாச உறுப்பத்தான் முதல்ல எடுத்திருக்கணும். எண்ணாத சுற்றுக்குப் பதில் தம்பியோட முதல் பத்தியிலயே இருக்கு: மூணு பீக். ஓட்டத்துக்கு ஒண்ணுன்னு எண்ணினேன். ஒவ்வொரு பீக்குக்கும் வால்வு திறந்து மூடினா வருஷத்துக்கு 9,000 அதிர்ச்சி.

ஸ்டீம்தாத்தா

எல்லாம் சரி. அந்த 60 டிகிரி எங்கேருந்து வந்துச்சு? ஊகந்தானே? 80-க்கு 100 போட்டுப் பாருங்க, ஆயுசு பாதியாயிடும்.

ஸ்டெரிலைசர்ல நடக்குறது இது. கதவு திறந்து கேஜ் (குலை ஏத்தின கூண்டு வண்டி) உள்ள போகுது, குலை வெளி வெயில் சூட்டுலதான் இருக்கு. நீராவி விட்டதும் முதல் பீக்லதான் பச்சக் குலை மேல பட்டு அதிகமாத் தண்ணியாகுது. அந்தத் தண்ணி அடியில தேங்கி நிக்குது. குழாய்க்குள்ள அதுக்கு முந்தி நீராவி நின்னா, வால்வு திறந்த நிமிஷம் சூடு மேல குளிர்ந்த தண்ணி. அடுத்து காத்து வெளியேத்த ஊதுவாங்க, தண்ணி தீர்ந்து நீராவியே பீச்சும். குளிர்ந்த குழாய் மேல சூடு. ஒரே பீக்ல ரெண்டு திசையிலயும் அடி.

அதுக்குக் கீழ ஓடுற படுக்கைக் குழாய்தான் இன்னும் மோசம். சரிவு பத்தலன்னா தண்ணி அடியில படுத்துக்கும், மேல நீராவி. குழாயோட வயிறு குளிர்ந்து முதுகு சூடாகி வாழைப்பழம் மாதிரி வளையும். ரெண்டு முனையும் பிடிச்சிருந்தா அந்த வளைவு முழுக்க வெல்டு மேல ஏறும். நீராவிக் குழாய்க்குப் போக்கு திசையில 100-க்கு 1 சரிவாவது வேணும். சப்போர்ட் அரிச்சு இறங்கினதும் அந்தச் சரிவு காணாமப் போயிடும். வாட்டர் லெவல் வச்சுப் பாக்குறவங்க குறைவு.

குழாய்க்கணக்கு

தாத்தா சொன்ன வாழைப்பழம் அணு உலையிலயும் வந்தது. அழுத்தத்த நிலையா வைக்கிற பிரஷரைசரையும் உலையோட சூடான கிளைக் குழாயையும் இணைக்கிற சர்ஜ் லைன்ல மேல சூடு, கீழ குளிர்ச்சினு நீர் அடுக்கடுக்கா நின்னு, அமெரிக்காவோட ட்ரோஜன் நிலையத்துல குழாய் எதிர்பார்க்காத அளவு நகர்ந்தது. 1988-ல எல்லா அழுத்தநீர் உலைகளும் இதப் பாக்கணும்னு ஒழுங்குமுறை ஆணையம் அறிக்கை விட்டது. அதுக்கு முந்தின டிசம்பர்ல, அமெரிக்காவோட ஃபார்லி 2 உலையில, மூடியிருக்க வேண்டிய வால்வு கசிஞ்சு குளிர்ந்த தண்ணி சொட்டுச் சொட்டா உள்ள போய், பாதுகாப்பு ஊட்டுக் குழாய் வெல்ட் வெடிச்சுக் கசிஞ்சது. வால்வு கசியும்னு வடிவமைச்சவங்க பட்டியல்ல எழுதல. எழுதாத நிகழ்வுக்குக் கணக்கு போட முடியாது.

மீயொலி

பரிசோதனை பத்தி நாலு வரி. தடிமன் மீட்டர் வச்சு "5.3 இருக்கு, ஓகே லா"ன்னு எழுதி வச்சிருப்பாங்க. அந்த நேர் ப்ரோபுக்கு (மீயொலிய நேரா உள்ள அனுப்புற முனை) நிமிர்ந்து நிக்குற வெடிப்பு தெரியாது. அது சுவர் தேஞ்சிருக்கான்னு மட்டுந்தான் சொல்லும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு பழமொழி. அது அரிமானத்துக்குச் சரி. 2004-ல ஜப்பான் மிஹாமா 3-ல இரண்டாம் சுற்றுக் குழாய் வெடிச்சு 5 பேர் இறந்தாங்களே, அது அந்தக் கதை: 10 மி.மீ. சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ தேஞ்சிருந்தது, அந்த இடத்த வருஷக்கணக்கா அளக்கவே இல்ல. அதக் களைப்புன்னு சொல்லக் கூடாது. களைப்புல கல் தேயாது. முழுத் தடிமனோட நின்னுட்டே பிளக்கும்.

சாயம் போட்டுப் பாக்குறது வெளிப்பக்கத்த மட்டும் காட்டும். வெப்பக் களைப்பு பெரும்பாலும் உள்ள ஆரம்பிக்குது. வெளிய சாயம் சிவந்தா ஏற்கெனவே ஓட்டை. கோண ப்ரோபு 60, 70 டிகிரி வச்சு குழாய்ப் பக்கத்திலேருந்து ஸ்கேன் பண்ணணும். 5.5 மி.மீ. மெலிசு, சின்ன ப்ரோபு, 4 அல்லது 5 மெகாஹெர்ட்ஸ், அதே குழாய்த் துண்டுல நாட்ச் வெட்டின அளவுகோல் கட்டை இல்லாம எடுக்குற எந்த முடிவையும் நம்ப முடியாது. ஃபில்லெட் வேரிலேருந்து வர்ற எதிரொலிய வெடிப்புன்னு நினைக்குறது சகஜம். குழாய அறுத்து எடுக்குற வாய்ப்பு வந்தா அந்தத் துண்ட பழைய இரும்புக்கு எடைக்குப் போடாதீங்க. நீளவாக்குல பிளந்து உள்பக்கம் பாருங்க. யானைத்தோல் மாதிரி வலைவலையா மெல்லிய கோடுன்னா கலக்கிற தண்ணி தோலச் சுட்டது. வெல்ட் ஓரமா ஒத்தக் கோடுன்னா உலோகவாசி சொன்ன தடிமன் வித்தியாசம். வெடிச்ச முகத்துல கடற்கரை வரி மாதிரி வளைவு தெரிஞ்சா அது எந்தப் பக்கம் ஆரம்பிச்சதுன்னு அந்த வளைவே காட்டும்.

யானைத்தோலுக்குப் பேர்போனது பிரான்ஸ் சிவோ 1. 1998 மே மாசம், எஞ்சிய வெப்பம் நீக்கும் குழாய்ல சூடும் குளிரும் கலக்குற டீ இணைப்புக்குப் பக்கத்து முழங்கை, 304எல் ஸ்டெயின்லெஸ். ஆள் கை நீளத்துக்குப் பக்கமா 18 செ.மீ. பிளந்து மணிக்கு 30 கன மீட்டர் கொட்டுச்சு. நிலையம் புத்தம் புதுசு.

உலோகவாசி

சின்னத் திருத்தம், 18 செ.மீ. ஒரு சாண் கூட இல்லை, கை நீளம் அதிகம். :) ஆனால் சிவோவில் கவனிக்க வேண்டியது வேகம். கலக்கும் நீரின் வெப்பம் ரொம்ப வேகமாக ஆடினால் சுவருக்குள் இறங்காது. மெதுவாக ஆடினால் சுவர் முழுவதும் கூடவே ஆடும், வித்தியாசம் வராது. நடுவில், நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து நொடிக்கு ஒன்று வரையான ஆட்டம்தான் தின்னும். நிலையத்தின் வெப்பமானிகள் காட்டும் சராசரியில் அது தெரியவே தெரியாது.

ஒட்டுக்கம்பி

அரைச்சு அதே உருவத்துல திரும்ப ஒட்டினா அதே மூணு வருஷந்தான் பாஸ். உருவத்த மாத்தணும். பேடு வச்ச ஃபில்லெட்ட எடுத்துட்டு, கழுத்துப் பக்கம் தடிமனா இருந்து குழாய்ப் பக்கம் படிப்படியா மெலியுற ஃபோர்ஜ்டு நாசில் (அடிச்சு உருவாக்கின இணைப்புக் கழுத்து). ஷெல்லுக்குள்ள முழு ஊடுருவல் வெல்ட்: வேர் டிக் (டங்ஸ்டன் முனை வெல்டிங்), ஈஆர்70எஸ்-6 கம்பி, மேல இ7018 கம்பி. கம்பி 300 டிகிரிக்கு மேல ஒரு மணி நேரம் சுட்டு, வேலை நேரத்துல சூட்டுப் பெட்டியில இருக்கணும். மழைக்காலத்துல திறந்த பாக்கெட்டக் கையில வச்சுக்கிட்டு ஒட்டாதீங்க.

ஓரத்த அரைக்கிறதுக்கும் முறை இருக்கு. டிஸ்க் வேணாம், உருண்ட மூக்கு பர். அண்டர்கட்டோட (ஒட்டின ஓரத்துல விழுந்த பள்ளம்) அடியிலேருந்து இன்னும் அரை மில்லிமீட்டர் இறங்கணும். மொத்தத்துல சுவரோட 7 சதவீதத்தத் தாண்டக் கூடாது, 5.5-க்கு அது 0.38 மி.மீ. ஆக இந்தக் குழாய்ல அண்டர்கட் இருந்தா அரைச்சு சரி பண்ண இடமே இல்ல, முதல்லயே அண்டர்கட் இல்லாம ஒட்டணும்.

சின்னக் குழாய் சாக்கெட் வெல்டுக்கு (குழிக்குள்ள செருகி ஒட்டுறது): குழாய முட்டுற வரைக்கும் தள்ளிட்டு 1.6 மி.மீ. பின்னால இழுத்துக் குறி போட்டு ஒட்டுங்க. முட்டி இருந்தா ஒட்டும்போது விரிஞ்சு வேர் கிழியும். அதிர்வு இருக்குற இடத்துல வெல்டோட கால் ரெண்டும் சமமா வேணாம். குழாய்ப் பக்கக் கால் ரெண்டு பங்கு. அணு நிலையத்துல சின்ன வடிகுழாய்களுக்கு இந்த 2-க்கு-1 வெல்ட் பரிசோதிச்சு ஏத்துக்கிட்டது.

ஸ்டெரிலைசர் சான்றிதழ் வாங்கின கலன். நாசில் மாத்துறதுன்னா டோஷ் (தொழில் பாதுகாப்பு சுகாதாரத் துறை) அனுமதி முதல்ல, வெல்டிங் அப்புறம்.

ஆலைப்பையன்

நாசிலுக்குள்ள ஒரு உள்குழாய் விட்டா? கண்டென்சேட் வெல்டத் தொடாதே.

உலோகவாசி

வெப்பக் காப்புறை. கொதிநீர் உலைகளின் ஊட்டுநீர் நாசில்களில் அதுதான் இருந்தது. பொருத்தம் தளர்வாக இருந்ததால் குளிர்ந்த நீர் உறைக்கும் நாசிலுக்கும் இடையே கசிந்து, 1970-களில் நாசில் மூலைகள் வெடித்தன. உறை போட்டால் ஒரு முனையையாவது கசியாமல் ஒட்ட வேண்டும். செம்பனை ஆலையில் இன்னொரு தொல்லை: எண்ணெயும் நாரும் மண்ணும் அந்த இடுக்கில் அடையும். வடிகுழாய்க்கு வேண்டாம், நீராவி நுழையும் நாசிலுக்கு யோசிக்கலாம்.

ஆலைப்பையன்

தண்ணியில இருந்தா ஆயுசு குறையும்னு ஒரு கெழு சொல்றாங்களே, அது?

குழாய்க்கணக்கு

சூழல் கெழு. காத்துல எடுத்த ஆயுசு ÷ உலை நீர்ல எடுத்த ஆயுசு. அமெரிக்காவோட ஆர்கோன் தேசிய ஆய்வகம் எழுதின நுரெக்/சிஆர்-6909 அறிக்கை, 2007 பதிப்பு; 2018-ல திருத்திட்டாங்க. பயன்பாட்டுக் கெழுவ இதால பெருக்கணும். 2007 கணக்குப்படி ஸ்டெயின்லெஸ், 288 டிகிரி, ரொம்ப மெதுவான நீட்சி வேகம்: 9.6. பயிற்சிக்கு ஒரு உதாரணம்: மூணு ஜோடி, 200 ÷ 4,000, 400 ÷ 2,000, 50 ÷ 500. கூட்டினா 0.35, நிம்மதி. சராசரி சூழல் கெழு 5 வந்தா 1.75. அப்போதான் நிலையத்துல நிஜமா எத்தன தடவ நடந்ததுன்னு பதிவேட்ட எடுத்து எண்ணுவாங்க, நீட்சி வேகத்த நொடி நொடியாப் பிரிச்சுக் கெழுவ இறக்குவாங்க.

வேடிக்கை என்னன்னா ஆக்சிஜன். கார்பன் ஸ்டீலுக்குக் கரைஞ்ச ஆக்சிஜன் 0.04 பிபிஎம் தாண்டினாத்தான் கேடு கூடும். ஸ்டெயின்லெஸுக்கு ஆக்சிஜன் குறைவான நீரும் நல்லதில்ல. உங்க 143 டிகிரிக்கு இந்தத் தலைவலி இல்ல: 150-க்குக் கீழ வெப்ப உறுப்பு பூஜ்யம், 2007 கணக்குல கார்பன் ஸ்டீல் கெழு 1.9-ல நின்னுடும்.

ஸ்டீம்தாத்தா

இவ்வளவும் எதுக்கு? பி31.1-ல (ஏஎஸ்எம்இயோட மின்நிலையக் குழாய் விதி) ஒரு வரி இருக்கே. 7,000 சுற்று வரைக்கும் 1, 30,000 சுற்றுன்னா அனுமதித் தகைவ 0.76-ஆல பெருக்கு. முடிஞ்சது.

குழாய்க்கணக்கு

அது மார்க்கல்ங்கற பொறியாளர் 1950-கள்ல குழாய வளைச்சு வளைச்சு எடுத்த சோதனை, தாத்தா. குழாய் நீண்டு சுருங்கி வளையுறதுக்கு நல்ல முறை. உங்க வாழைப்பழத்தையோ, பேடுக்கும் குழாய்க்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையோ அதுல போட இடமே இல்ல. ரெண்டு முறையக் கலந்தாலும் ஆபத்து: மார்க்கலோட அடிக்கோடு பட் வெல்ட் போட்ட குழாய், அதுக்கு கெழு 1. முதல் வகுப்போட அடிக்கோடு பளபள மாதிரி. ஒரே இணைப்புக்கு முதல் வகுப்புக் கெழு ரெண்டு மடங்கா வரும். ஃபில்லெட் சாக்கெட்டுக்கு அங்க 2.1, இங்க 2.1 × 2. அந்தக் கெழுவ எடுத்து இந்த வளைகோட்டுல போட்டா பாதித் தகைவு காணாமப் போயிடும்.

ஒட்டுக்கம்பி

டர்பைன் பக்கத்துல தொங்குற 25 மி.மீ. வடிகுழாய், நுனியில கனமான வால்வு. அதுவும் களைப்புத்தான், ஆனா இந்தக் கணக்கு இல்ல. நொடிக்கு 30 ஆட்டம்னா பத்து லட்சம் சுற்று ஒம்பதேகால் மணி நேரத்துல. வாழ்வா சாவாங்கறது ஒரு நைட் ஷிஃப்டுல தெரிஞ்சிடும். வால்வத் தாய்க் குழாயோடவே சேர்த்து முட்டுக் கொடுங்க. தரையிலேருந்தோ கட்டடத் தூணிலேருந்தோ கொடுத்தா தாய்க்குழாய் விரியும்போது அதுவே வெல்டப் பிடுங்கும்.

ஆலைப்பையன்

புரியுது. அப்போ அந்த 60-ஐ அளந்தாகணும். ஐஆர் கன் (தொடாம வெப்பம் அளக்குற கருவி) போதுமா?

மீயொலி

பளபள அலுமினியத் தகடு மேல ஐஆர் கன் காட்டுறது பொய். காப்பை 150 மி.மீ. அகலத்துக்குக் கழட்டி, கே வகை தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்குற கம்பி) அஞ்சு: நாசில் வெல்டுக்குக் கீழ 20 மி.மீ. தள்ளி குழாய்ல ஒண்ணு, பேடு மேல ஒண்ணு, படுக்கைக் குழாய்ல ஒரே குறுக்கு வெட்டுல முதுகு, பக்கம், வயிறு. கலன் மேல ஸ்பாட் வெல்ட் வேணாம். குழாய்ல இருக்குறத ஜூபிளி கிளிப் போட்டு இறுக்கு, பேடு மேல இருக்குறதுக்குக் காந்தப் பிடி. பெயிண்ட சுரண்டி உலோகத்துலயே தொடணும். மேல காப்பு திரும்ப மூடணும், இல்லன்னா காத்தத்தான் அளப்ப.

பதிவு இடைவெளி 1 நொடி. ஆலைக் கணினி 1 நிமிஷத்துக்கு ஒருக்கா எடுக்குற பதிவு இதுக்கு உதவாது, அதிர்ச்சி முழுக்க ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒளிஞ்சுடும். வெளித்தோல் உள்தோலுக்கு ரெண்டு மூணு நொடி பின்னால வரும், அத மனசுல வச்சுக்க. குறைஞ்சது ரெண்டு முழு நாள் ஓட்டம், அதுல ஒரு தடவையாவது திங்கக்கிழமைக் காலை குளிர்ந்த ஆரம்பம் இருக்கணும்.

ஆலைப்பையன்

வெப்பம் பதியுற டேட்டா லாக்கர்ல நாலு சேனல்தான் இருக்கு. எத விடலாம்?

உலோகவாசி

பக்கத்தை விடு. பேடு, குழாய், முதுகு, வயிறு. பேட்டிலிருந்து குழாயைக் கழித்துக் கோடு வரை. அந்தக் கோட்டின் ஒவ்வொரு முகடும்தான் நீ எண்ண வேண்டிய சுற்று. கூடவே வால்வு திறந்து மூடிய நேரத்தையும் கையால் குறித்து வை.